உன் குரலை நிறுத்திப் பார்த்தேன்

அன்பின் மரியற்றா,

மட்டக்குளியில் உன் அக்கா வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கொட்டாஞ்சேனையில் மழை.

கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் பேண்ட்காரர், பாட ஆள் தேடி என்னிடம் டெமோவுக்கு ஒரு பாட்டுப் பதிந்து கேட்டார்கள். முதலில் போட்ட ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயரில் பட்டன்கள் அதிகம். அதனால்தான் குரல் சரியில்லை என்றேன். அடுத்ததையும் குறை சொன்னேன். மூன்றாவது சொஃப்ட்வெயர் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதிலும் என் குரல் அப்படியேதான் இருந்தது.

பிறகு, பாலன் பிறப்புக்கு நாம் இரண்டு மைக்கில் பதிந்த நத்தார் பாட்டை அதில் திறந்தேன். திரையில் உன் குரல் ஒரு கோட்டில், என்னுடையது இன்னொன்றில். உன்னுடையதை மட்டும் நிறுத்திக் கேட்டேன். என் குரலில் ஒரு வரியில்கூடச் சுருதி இல்லை. கோயிலில் இத்தனை வருஷமும் உன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறேன்.

அன்றைக்குக் கோயிலில், கூடப் பாடும் கொயர்காரர் எல்லாருக்கும் முன்னால், "நீ கத்துறதாலதான் எனக்குச் சுருதி பிசகுது, வாயைப் பொத்து" என்றேனே. நீ பாட்டுப் புத்தகத்தை உட்காரும் வாங்கில் வைத்துவிட்டு, நம் வீட்டுக்கு வராமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனாய்.

உன்னைக் கேட்காமலே அந்தப் பாட்டை பேண்ட்காரருக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை என் குரலை நிறுத்திவிட்டு. உன் நம்பரைக் கேட்கிறார்கள். கொடுக்கட்டுமா?

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நின்று பாடியவன்