நிழல் திரும்பிய விதம் கேட்டு

செங்காழி நாட்டின் கோட்டைகளுக்கும் உப்பளங்களுக்கும் உரியவளும், விண்ணுலகு எய்திய நெடுங்கோ மன்னரின் தேவியும், களத்தில் வீழ்ந்த இளவேளின் தாயுமாகிய கொற்றமாதேவி, வெண்ணாவல் நாட்டுத் தோற்பாவைக் கூத்தர்களுக்கும் அவர்தம் தலைவி அல்லியங்கோதையாருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் விளக்கு காற்றில் அணையாதிருக்க. உங்கள் திரையில் கறை படாதிருக்க. உங்கள் ஆற்றில் நீரும் உங்கள் மன்னர் கொடியில் வெற்றியும் குறையாதிருக்க.

எல்லையும் திறையும் குறித்த ஓலைகளை எம் அமைச்சர் எழுதுவார். இதை யாமே எழுதுகிறோம். இளமை முதல் யாமும் தோல் சீவி, வண்ணம் தீட்டி, பாவை ஆட்டி வருகிறோம் என்பதை அரண்மனைக்கு வெளியே அறிந்தவர் சிலரே. ஆகவே ஒரே தொழிலில் உங்களுக்கு இளையவளாக நின்று ஒன்று கேட்கிறோம்.

ஆறாண்டுகளுக்கு முன் உங்கள் தேர்விழாவுக்கு எம் மகனோடு வந்திருந்தோம். அன்றைய கூத்தில் ஒரு வணிகன் மனைவியைக் கரையில் விட்டுக் கப்பலேறினான். ஏறுமுன் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான். தோற்பாவைக்கு ஒருபக்க முகமே உண்டு. போகும் திசையையே அது பார்க்கும். உங்கள் நிழலோ திரும்பியது. எம் தோளில் சாய்ந்திருந்த இளவேள் நிமிர்ந்து உட்கார்ந்து, “அம்மா, அது ஆட்டுத்தோல்தானே, எப்படித் திரும்பிப் பார்த்தது?” என்றான். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னோம். கூத்து முடிந்த கூட்டத்தில் உங்களைக் காணவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று ஊர் திரும்பிவிட்டோம்.

கடந்த தையில் அவன் வடஎல்லைப் போருக்குப் புறப்பட்டான். போருக்குப் போகிறவன் கோட்டை வாயிலில் திரும்பிப் பார்க்கலாகாது என்பது எம் நாட்டு வழக்கம். யாம் மதில்மேல் நின்றோம். வாயிலருகே அவன் குதிரை சற்றே தயங்கியது. அவன் கழுத்து அசையவில்லை. வழக்கத்தைக் காத்துப் போய்விட்டான். பின்பு அவன் வேல் மட்டும் வந்தது.

வரும் முழுநிலவில் அவனுக்கு நடுகல் நாட்டுகிறோம். கல்லின் முன் அவன் கதையைப் பாவைக்கூத்தாக ஆட வேண்டும். மகனின் பாவையைத் தாய் ஆட்டுவது முறை. வாயிற்காட்சியில் ஒரே ஒருமுறை அவன் திரும்பி எம்மைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அமைச்சர் அரும்பொறையார் இதைக் கேட்டு, திரும்பிப் பார்க்கும் வீரனைக் கண்டால் புறங்கொடுத்தவன் என்று பகைவர் நகைப்பார்கள் என வணங்கிச் சொன்னார். மார்பில் புண்பட்டு விழுந்தவனைப் பார்த்து நகைப்பவர் நகைக்கட்டும் என்று விடையளித்தோம்.

ஆனால் எமக்கு அது கைகூடவில்லை. பாவையின் தலையைத் தனியே வெட்ட வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்தோம் என்று கேட்காதீர்கள். கழுத்தில் நூலால் கோத்து, தனி மூங்கிற்குச்சி வைத்தோம். திருப்பும்போது தோலின் விளிம்பு விளக்குக்கு நேராகிறது. முகம் நூலாய் மெலிந்து, ஒரு கணம் இல்லாமலே போகிறது. அதன் பிறகே மறுபக்க முகம் வருகிறது. இரண்டு பாவைகளை மாற்றி ஆட்டினோம். திரும்பியவன் வேறு யாருடைய பிள்ளையோ போல் இருந்தான். விளக்கருகே கொண்டுபோனோம், முகம் பெருத்துக் கலங்கியது.

எமக்கு விளக்குப் பிடிக்கும் பூதி எவருக்கும் அஞ்சாமல் பேசுபவள். முதல் நாள், “தாயே, எண்ணெயெல்லாம் தீந்துபோவுது, சின்னவரைச் சட்டுன்னு திரும்பச் சொல்லுங்க” என்று எம்மைச் சிரிக்க வைத்தாள். எத்தனை மாதங்களுக்குப் பின் சிரித்தோமோ. நேற்று அவளே திரையைப் பார்த்தபடி, “தாயே, சின்னவரு மறுபடியும் காணாமப் போயிட்டாரு” என்றாள். அதற்கு மேல் யாம் குச்சியைத் தொடவில்லை.

தமக்கையே, அந்த ஒரு கணத்தை உங்கள் வணிகன் எப்படிக் கடந்தான்? விளக்கை அசைத்தீர்களா, தோலை வேறுவிதமாய் மடித்தீர்களா, பார்ப்பவர் கண்ணை வேறெங்கோ இழுத்தீர்களா? குழுவுக்கு வெளியே சொல்லலாகாது என்பது உங்கள் நெறியானால் யாம் வற்புறுத்த மாட்டோம். வழியே இல்லை, உங்கள் வணிகனும் ஒரு கணம் மறையத்தான் செய்தான், தாயும் மகனும் அன்று கவனிக்கவில்லை என்றால், அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்படியானால் அவன் போனபடியே போகட்டும். திரும்பச் சொல்லி இன்னொருமுறை அவனை இழக்க எமக்கு வலுவில்லை.

இவ்வோலையைக் கொண்டுவருபவன் பூதியின் ஒரே மகன் தித்தன். முழுநிலவுக்குள் அவனிடம் மறுமொழி தந்து அனுப்புக. அவன் வரும் வழியில் போர் இன்னும் ஓயவில்லை. அவ்வழி செல்லும் தூதரும் வாயிலில் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வழக்கத்தை இன்றோடு நீக்கினோம். தித்தன் வாயிலருகே குதிரையை நிறுத்தி ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும், அவன் பார்க்கும்வரை கதவைத் திறக்கலாகாது என்றும் காவலர்க்கு உரைத்தோம். பூதி மதில்மேல் நிற்பாள். அவளருகே யாமும் நிற்போம்.

நாரை முத்திரை எம் கையாலேயே இட்டோம். உங்களிடம் கேட்டது வேண்டுகோள்; வாயிலில் திரும்பிப் பார்ப்பது ஆணை.