முதலாளி கையெழுத்து

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. என் பூட்டுக் கடையும் ஓடுகிறது. புதுச் செய்தி என்னவென்றால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு கதவுக்கும் பூட்டு மாற்றும் வேலை என்னைத் தேடி வந்திருக்கிறது, ஆனால் பிள்ளைகள் இருக்கிற இடம் என்பதால் என்மேல் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், அது இல்லாவிட்டால் இனிமேல் பீரோ, பெட்டி என்று சில்லறை வேலைதான் மிஞ்சும்.

விண்ணப்பத்தில் முதலாளியின் கையெழுத்து என்று ஒரு கட்டம். எனக்கு ஏது முதலாளி, முப்பது வருஷமாக எனக்கு நான்தானே முதலாளி, அதனால் அங்கேயும் நானே கையெழுத்துப் போட்டு, பணியாளரின் நடத்தை என்ற இடத்தில் மிகவும் நேர்மையானவர், நேரம் தவறாதவர் என்று எழுதிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, நேர்மை சரி, நேரம் தவறாதவர்னு எழுதினது பொய்ச் சாட்சி, அதுக்கே உங்களைப் பிடிச்சு உள்ளே வைக்கலாம் என்றாள். விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், உங்களுக்கு நீங்களே நற்சான்று கொடுத்துக்க முடியாது ஐயா, சொந்தத் தொழில்னா வேலை தர்றவங்கதான் கையெழுத்துப் போடணும் என்றாள். கடைசியில் பள்ளித் தலைமையாசிரியை போட்டுக்கொடுத்தார். வீட்டில் இருக்கிற முதலாளியம்மா போதாதென்று இந்த வயதில் இன்னொருவர்.

அடுத்த பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எப்போதாவது காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்கப்பட்டதுண்டா என்று கேட்டிருந்தது. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருவன் சாவி தொலைந்துவிட்டது என்று கூட்டிப்போனான், நானும் கதவைத் திறந்துகொடுத்தேன், அது அவன் வீடே இல்லை. இருந்ததைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான், போலீஸ் என்னை இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தது. அவன் பிடிபட்டதும் விட்டுவிட்டார்கள், வழக்கு எதுவும் போடவில்லை. வழக்கே இல்லையே, இல்லைன்னு எழுதுங்க என்றாள் அம்மா. எனக்குக் கை வரவில்லை, ஆமாம் என்று எழுதி நடந்ததையும் எழுதினேன். மூன்று வாரம் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று சான்றிதழ் வந்தது, பதிவு எதுவும் இல்லை. இன்று காலை தலைமையாசிரியை சான்றிதழையும் என் விண்ணப்ப நகலையும் படித்துப் பார்த்துவிட்டு, இனிமே யாருக்குக் கதவைத் திறந்துவிட்டாலும் ரெண்டு தடவை விசாரிச்சுட்டுத்தானே திறப்பீங்க, எனக்கு அது போதும், திங்கட்கிழமை வந்துடுங்க என்றார். நேராக வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முகம் தெரியாத போலீஸ்காரருக்கு எழுதிக்கொடுத்த பிறகு பெற்ற மகளுக்குச் சொல்லாமல் இருக்க வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் உன்னிடம் சொல்லிவைத்தோம். வெளியூரிலிருந்து அப்பா வாங்கிவந்தது என்று நீ வகுப்பு முழுக்கக் காட்டினாயே, அங்கேயும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்திருக்கிறாயே, அந்த மர ஒட்டகம் காவல் நிலையத்துக்கு எதிர்க்கடையில் வாங்கியது. கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், ஒட்டகத்தை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம். இதைப் பற்றிக் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்காதே, என்னிடமே கேள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா