விளம்பரம் வராத சீட்டாட்டம்

அக்டோபர் 15, புதன்
தேவியின் லேப்டாப்பில் இன்றும் அதே அறிவிப்பு. விண்டோஸ் பத்துக்கு இனி அப்டேட் கிடையாது. பதினொன்றைத் தாங்க இந்தப் பழைய மெஷினுக்குத் தெம்பில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ்தான் வழி. கல்லூரியில் அதற்காக மேடையேறிக் கத்தியவன் நான். தேவியின் ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ் வேண்டியிருந்தது, கல்யாணத்தோடு விட்டுவிட்டேன்.

லினக்ஸில் எந்த வகை, டெபியனா, மின்ட்டா, ஃபெடோராவா? முன்பென்றால் சண்டையே போட்டிருப்பேன். இப்போது எதுவானால் என்ன.

அக்டோபர் 18, சனி
எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்க, பாடி பக்கம் வேலை செய்கிற கல்லூரி நண்பன் ஹேமநாதனுக்கு போன் செய்தேன்.

"மாமே! நீயா பேசுற? இன்னா வேலைக்கு வோணும், அத்த சொல்லு."

"சீட்டாட."

"டேய், நல்லா கீறியா நீ?"

"எனக்கில்லடா. என் மாமியாருக்கு."

அக்டோபர் 19, ஞாயிறு
கோமளா அத்தை, தேவியின் அம்மா, கரையான்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார். தேவி கீமோ முடிந்து படுத்திருந்தபோது, அம்மா அழுதுகொண்டே இருக்கக் கூடாதென்று கம்ப்யூட்டரில் சீட்டாடக் கற்றுக்கொடுத்தாள். அவள் போன பிறகும் ஞாயிறானால் வந்து ஆடுகிறார். நூம்பலில் இருக்கும் இந்த வீட்டுக்குள் வருகிற ஒரே ஆள். சீட்டும் இல்லையென்றால், மகள் இல்லாத வீட்டுக்கு என்ன காரணம் சொல்லி வருவார்?

ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் வந்தால் தலை நிமிர்வார். "சாப்ட்டீங்களா மாப்ள?" அடுத்த விளம்பரத்துக்கு, "கேஸ் கீதா, தீந்துட்ச்சா?"

அக்டோபர் 20, தீபாவளி
ஜன்னலைச் சாத்திவைத்தேன்.

அக்டோபர் 25, சனி
தேவியின் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு டெபியன் போட்டேன். அதிலிருக்கும் சீட்டாட்டத்தைக் கிட்டத்தட்ட பழையதைப் போலவே ஆக்க முடிந்தது. பச்சை மேசை. ஒவ்வொரு சீட்டாகப் புரளும்படி மாற்றினேன். ஐகான்கூட பழைய இடத்தில்தான். விளம்பரமே கிடையாது. அத்தைக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு
"இன்னா மாப்ள, சல்லுனு போவுது!" என்றார் அத்தை. ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்தது. அது முடிந்ததும் அடுத்தது. தலை நிமிரவே இல்லை. "வரேன் மாப்ள." அவ்வளவுதான்.

சாப்பிட்டாயா என்று இன்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு
ஃபேன் சத்தம் மட்டும்தான். அத்தை சீக்கிரமே கிளம்பிட்டாங்க. அடுத்த வாரம் வரேன்னு சொல்லல.

விளம்பரம்! அது வந்தாத்தான் பேசுவாங்க. அதை நானே புடுங்கிப் போட்டிருக்கேன். பழையபடி விண்டோஸையே ஏத்திடலாமா — விளம்பரத்துக்காக? நானா? சிரிப்பு வரணும். வரல.

வாயைத் தொறந்து நானே ஏதாவது கேட்டா என்ன? என்னத்தைக் கேக்கறது? துக்கம் கேக்க வந்தவங்ககிட்டகூட நான் பேசல.

நவம்பர் 9, ஞாயிறு
வந்தார். முதல் ஆட்டம் முடிந்து புதுச் சீட்டு விரிந்துவிட்டது. கேட்டுவிட்டேன்.

"அத்தை, தேவி சின்ன வயசுல அடம் பிடிப்பாளா?"

விரல் நின்றது. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன்.

"அடமா? மார்க்கெட்டாண்ட நடுரோட்ல பட்த்துக்குவா மாப்ள! பஸ்ஸு நின்னுடும். டிரைவர் எறங்கி வந்து, 'தாயே, எய்ந்துரும்மா, நான் டூட்டி முடிச்சு ஊட்டுக்குப் போணும்'னு கெஞ்சுவான்."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"எப்பிடி சொல்லுவாங்க? சொன்னா நீங்க கட்டினு இருப்பீங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதுட்டேன். அத்தையும்தான். போட்டிருந்த ஆட்டம் அப்படியே கிடந்தது.

நவம்பர் 16, ஞாயிறு
அத்தை காலையிலேயே மீனோடு வந்துவிட்டார். "நீங்க சமையக்கட்டு பக்கமே வராதீங்க, வெங்காயத்த மட்டும் உரிச்சுக் குடுங்க" என்றார். உரித்தேன், பேசிக்கொண்டே. சாயங்காலம் அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, இன்று லேப்டாப்பை இரண்டு பேருமே திறக்கவில்லை.