உன் ரத்தம் போய்ச் சேர்ந்த அலமாரி

அக்கா,

இன்று காலை கடையில் களைக்கொல்லி டின் ஒன்று ஒழுகிவிட்டது. மரத்தூளைக் கொட்டித் துடைத்தும் நெடி போகவில்லை. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்துவிட்டு வந்து நீ எனக்குச் சோறு போடும்போது உன் சேலையில் இருக்குமே, அதே நெடி. ஈப்போவில் அதையும் விற்றுத்தான் நான் பிழைக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெருமையில்லை, மறைக்கவும் தெம்பில்லை.

செமோர் பக்கத்தில் நீ வேலை பார்த்த தோட்டத்துக்குப் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்களே, எழுபதுகளின் நடுவில். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். உங்களுக்கோ ஊசி பிடித்தவர்கள் எல்லாம் டாக்டர். தீமிதிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நீ வரிசையில் நின்றாய். "பாத்துச் சொல்றோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் கால் வீங்கத் தொடங்கியது. லாரியோடு வந்து கூப்பிட்டேன், பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று.

"இருடா. ரத்தம் கோலாலம்பூருக்கே போயிருக்குலா. அவங்க பாத்துச் சொல்லட்டும். இங்க போனா ரெண்டு மாத்திரைய குடுத்து அனுப்பிடுவான்."

பக்கத்து வீட்டு முனியம்மாக்கா விடுவாளா? "இவ ஒடம்புல ரத்தமா ஓடுது, தேத்தண்ணிலா ஓடுது! அதான் டாக்டருங்களே கொழம்பிட்டாங்க." நீயும் சேர்ந்து சிரித்தாய்.

சரக்கு எடுக்கக் கோலாலம்பூர் போனபோது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விசாரித்தேன். முடிவெல்லாம் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வரும், நூலகத்தில் கேளுங்கள் என்றார்கள். நூலக வாசலில் ஒரு தமிழ்ப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"கார்டு இருக்காண்ணே? இது படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்லா."

"எங்க அக்கா ரத்தம் உள்ள இருக்கு தம்பி."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. திரும்பி வந்தேன்.

மறு வருஷம் மூச்சுத் திணறி விழுந்த உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். உன் காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் அந்தக் கட்டுரை என் கைக்கு வந்தது. கோலா கங்சாரில் பழத்தோட்டம் வைத்திருக்கும் விரிவுரையாளர் ஒருவர், என் வாடிக்கைக்காரர், நகலெடுத்து வந்து தமிழில் சொன்னார். களைக்கொல்லிதான் காரணமா என்று அவர்களே உறுதியாக எழுதவில்லையாம். ஆனால் பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுவருகிறது, உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில். அச்சான தேதியைப் பார்த்தால், நான் வாசலில் நின்ற அன்றே அது உள்ளே அலமாரியில் இருந்திருக்கிறது, அக்கா.

நான் வியாபாரி. தாளுக்கும் அச்சுக்கும் செலவு உண்டென்று எனக்குத் தெரியும். புத்தகத்தை விற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சரக்கு உன் கையிலிருந்து போனது. அதில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லக் கார்டு கேட்பது எந்த ஊர் வியாபாரம்? பொதுவில் வைத்திருந்தால் யாராவது ஒரு வாத்தியார் படித்திருப்பார். யாராவது ஒருவர் நீங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து சொல்லியிருப்பார். இதை யார் யாரிடமோ பேசிப் பார்த்தேன். தலையாட்டுகிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது.

போன வாரம் இன்னொரு கூட்டம் கடைக்கு வந்து, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வழி கேட்டது. ரத்தம் எடுக்கத்தான். துரத்திவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்காவிட்டால் நோய் யாருக்குத்தான் தெரியப்போகிறது? லாரியை எடுத்துக்கொண்டு நானே முன்னால் போனேன். ரத்தம் எடுத்து முடியும்வரை காத்திருந்து அந்தப் பெண்களிடம் சொன்னேன்:

"ரத்தம் குடுத்தது நல்லது. ஆனா அவங்க சொல்லுவாங்கன்னு ஒக்காந்திருக்காதீங்க. ஆஸ்பத்திரியிலயும் காட்டிருங்க. இப்பவே வாங்க, நான் ஏத்திட்டுப் போறேன்."

"அண்ணே, நீங்கதானே களைக்கொல்லி விக்கிறவரு?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா. விக்கிறவனே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு வெயிலில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கேட்ட அந்தப் பெண்தான் முதலில் ஏறினாள்.