தட்டியை எடுத்த வாரம்

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறப்பு. காலையில் தூறல், பிறகு வெறும் காற்று. சாக்பீஸ் பெட்டி இன்னும் வரவில்லை.

ஹாலுக்குள் நுழைந்தால் தட்டிகளைக் காணோம். ஒரே நீள ஹால். இந்தப் பாதியில் என் தமிழ் டிவிஷன், அந்தப் பாதியில் தங்கம் டீச்சரின் மலையாள டிவிஷன். எல்லையோரக் கேரளப் பள்ளி, அதனால் இரண்டும் உண்டு. நடுவில் நின்ற மூங்கில் தட்டிதான் இத்தனை வருஷமும் சுவர்.

ஹெட்மாஸ்டர் (இனி ஹெ.மா., முழுசாக எழுதக் கை வரவில்லை) லீவில் திருச்சூருக்குப் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். “இது திறந்த வகுப்பாக்கும் மாஷே. இனி நம்மள் படிப்பிக்கிறதில்ல. குட்டிகள் தானே படிக்கும். வெளிநாட்டிலெ எல்லாம் இதுதான்.”

தட்டிகள் போன இடம்: பள்ளியின் சொந்தக்காரர், மேனேஜர் வீட்டு எருமைத் தொழுவம். எருமைக்கு மறைப்பு வேண்டுமாம், பிள்ளைகளுக்கு வேண்டாமாம்.

அடுத்த திங்கள் கல்வி ஆபீஸர் பிள்ளைகளின் தலை எண்ண வருகிறார். என் பக்கம் உள்ள தலை சரியாகப் போதும், மிச்சம் கிடையாது. குறைந்தால் தமிழ் டிவிஷன் போச்சு. பிள்ளைகள் மலையாளத்தில் உட்கார வேண்டும், நான் வீட்டில் உட்கார வேண்டும். ரெஜிஸ்டரில் கூடுதலாக இரண்டு பேர் உண்டு. பொள்ளாச்சிக்குக் குடிபோன வீட்டுப் பிள்ளைகள். பேரை அடிக்காமல் வைத்திருக்கிறேன். எல்லாரும் செய்வதுதான். அசிங்கம்தான்.

ஜூன் 4, செவ்வாய்

மூலைகள் அமைத்தோம்:
மண் மூலை
பட மூலை
கடை மூலை (காலி டப்பா, தராசு, புளியங்கொட்டை)
படிப்பு மூலை (நான்)

முதல் மூன்றும் தங்கம் டீச்சர் பக்கம். என் பக்கம் ஓடு ஒழுகுகிறது, அதனால். படிப்பு நனைந்தால் பரவாயில்லை.

இரைச்சலில் சந்தை தோற்றது. தங்கம் டீச்சர் காதில் பஞ்சு. “எண்டெ செவி போயி மாஷே.” அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சொல்ல மாட்டார். நான் மட்டும் சொன்னேனா? என் நியமனத்துக்கு இன்னும் அப்ரூவல் வரவில்லை. ஹெ.மா. எழுதி அனுப்ப வேண்டும். வாயை மூடிக்கொண்டு டப்பா அடுக்கினேன்.

மத்தியானம் மோர்சாதம். வயிறு சரியில்லை.

ஜூன் 5, புதன்

சுதந்திரத்துக்கு இன்று ஒத்திகை. கேட்கவே கூசுகிறது.

ஹெ.மா. திட்டம்: ஆபீஸர் நிற்கும்போது மாஷ், அதாவது வாத்தியார் நான், ஒரு பிள்ளையைக் கூப்பிட வேண்டும். பிள்ளை எழுந்து வரக்கூடாது. ‘எனக்கு இங்க வேலை இருக்குதுங்க சார்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். “அதிலாணு மாஷே பாஸ்!” அதில்தான் தேறுகிறோமாம்.

கூப்பிட்டேன். மொத்த வகுப்பும் எழுந்து ஓடி வந்தது. மூன்று வருஷமாக நான் பழக்கியது அப்படி.

மறுபடி. மறுபடி ஓடி வந்தது. ஹெ.மா. என்னைப் பார்த்த பார்வை, பயிரை மேயவிட்டவனைப் பார்க்கிற மாதிரி.

ஜூன் 6, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

இன்றும் ஒத்திகை. ஐந்தாவது தடவையும் பாப்பாத்தி ஓடி வந்தாள். மூன்றாம் வகுப்பு, ஆட்டுக்காரர் மகள், பேரைச் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் நிற்கிற பிள்ளை. ஹெ.மா. பின்னால் நிற்கிறார். ஸ்கேலால் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். கூப்பிட்டதும் வந்ததற்கு.

“கூப்பிட்டீங்களேன்னு வந்தனுங்க சார்.”

“கூப்பிட்டாலும் வரக்கூடாது. உன் வேலையைப் பார்க்கணும். புரியுதா?”

புரிஞ்சுதுங்க என்றாள். கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு கடை மூலைக்குப் போனாள். சீ. என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. போய் ஸ்கேலைக் கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை.

தட்டிக்கு விலை கேட்டாராம் மேனேஜரின் மச்சான். நன்றாக இருக்கிறதாம்.

ஜூன் 7, வெள்ளி

ஒத்திகை பலித்தது. கூப்பிட்டேன். பாப்பாத்தி தலை தூக்காமல், “எனக்கு இங்க வேல இருக்குதுங்க சார்.” மற்றதுகளும் அப்படியே. ஹெ.மா. கைதட்டினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சும்மா உட்காரவில்லை. புளியங்கொட்டையைத் தராசில் நிறுத்து நிறுத்து, கால் இரண்டு சேர்ந்தால் அரை, அரை இரண்டு சேர்ந்தால் முழுசு என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். போன வருஷம் பூராவும் போர்டில் நான் எழுதி ஏறாத கணக்கு. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வாசலில் அவள் அம்மா: “ஏனுங்க சாரு, உள்ள கடை வெச்சு வெளையாடறாங்களாமா? அதுக்கு ஊட்டுல ஆடு மேய்ச்சாலாச்சும் ஆகுமுங்க.” திங்கள்கிழமை மட்டும் கட்டாயம் அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஆபீஸர் வருகிறார் என்றேன். அதற்குத்தான் என்று சொல்ல எனக்கே வெட்கம்.

ஜூன் 9, ஞாயிறு

வெள்ளைச் சட்டை இஸ்திரி. குடை கம்பி ரிப்பேர். மனைவி சரசு கேட்டாள், “ஏனுங்க, நாளைக்குத் தலை எண்ணி முடிஞ்சா அப்ரூவல் வந்துருமுங்களா?” வரும் என்றேன். அவளுக்குச் சமாதானம். ஆறு வீட்டுக்கு நடந்து போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வந்தேன். எல்லாரும் வருவார்கள்.

ஜூன் 10, திங்கள்

எல்லாரும் வந்தார்கள். ஒரு தலை குறையவில்லை. விடியற்காலையிலிருந்து மழையும் வந்தது. என் பக்கம் தரையெல்லாம் தண்ணீர்.

பதினொன்றுக்கு ஆபீஸரும் கிளார்க்கும். ஹெ.மா. வழுக்கிக்கொண்டு ஓடுகிறார். ஆபீஸர் ஹாலைப் பார்த்துச் சொக்கிவிட்டார். “ஆரும் அனங்கண்டா. இருக்கிற இடத்திலெயே இருக்கட்டும்.” யாரும் அசைய வேண்டாமாம். கிளார்க்கிடம், இந்தப் பாதி தமிழ், அந்தப் பாதி மலையாளம், எண்ணிக்கோ என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம். மண்ணில், படத்தில், கடையில்.

“பாப்பாத்தி, இங்க வா. தமிழ் டிவிஷன் எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க.”

“எனக்கு இங்க வேல இருக்குதுங்க சார்.”

ஆபீஸர் சிரித்தார். “கண்டோ! கண்டோ!” ஹெ.மா. முகம் பூரித்துப் போய்விட்டது. நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன், அதட்டி. ஒவ்வொன்றாகச் சொல்லிற்று, எனக்கு இங்க வேல இருக்குதுங்க சார், எனக்கு இங்க வேல இருக்குதுங்க சார். கிளார்க் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனான்.

ரெஜிஸ்டரை நீட்டினேன். ஆபீஸர் தொடவில்லை. “ரெஜிஸ்டர் எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க மாஷே. இதில உள்ள எல்லாரும் இங்கெ உண்டா?” பொள்ளாச்சிப் பிள்ளைகள் இரண்டு பேரும் நெஞ்சில் வந்து நின்றார்கள். ரெஜிஸ்டரை மூடிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, ஜீப் ஏறினார்கள்.

தமிழுக்குப் பாதித் தலைகூட எழுதவில்லை, டிவிஷன் போச்சு என்று பிறகு ஹெ.மா.விடம் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஐயோ மாஷே, அது ஞான் ஓர்த்தில்லா.” நினைக்கவில்லையாம். நிஜமாகவே நினைக்கவில்லை. திட்டக்கூட ஒரு ஆள் சரியாகக் கிடைக்கவில்லை எனக்கு.

சரசுவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வெயில். தரை காய்ந்துவிட்டது. தங்கம் டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி அடிப்பதற்கு முன்னால் பாப்பாத்தி என் மேஜைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

“நேத்து நான் சரியாச் சொன்னனுங்களா சார்?”

சரியாச் சொன்னே என்றேன்.