தாடிக்காரனுக்கு ஒரு ஷேவிங் பிரஷ்

மேற்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹேமநாத்துக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் துர்காவும் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிக்கலாம். அந்த போன் எப்போதும் உன் அம்மா கையில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். எதிர் வீட்டு பொன்னியம்மாள் வந்துவிட்டால் அவரும் எட்டிப் பார்த்து உன்னிடம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறார். நான் பின்னால் நின்று கையாட்டுவதோடு சரி. உன்னிடம் தனியாகப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொன்னியம்மாளின் மகன் உமேஷ் லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்புகிறான் அல்லவா, அவனிடம் கொடுக்கிற பெட்டியில் இதையும் மடித்து வைக்கிறேன்.

பெட்டியில் ஒரு ஷேவிங் பிரஷ் இருக்கும். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி, வெளுத்த பன்றி முடி. தாடி வைத்திருக்கிறவனுக்கு ஷேவிங் பிரஷ் அனுப்புகிறாரே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே. முழுவதும் படி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கினேன். பழைய மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி, புறாக் கூண்டு எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ஓர் ஆள் தார்ப்பாய் விரித்துச் சீப்பு, கண்ணாடி, பிரஷ் என்று பரப்பியிருந்தார். நம் கடையில் அட்டையில் கோத்துத் தொங்கவிடுவேனே, அதே பிரஷ். பார்த்ததும் கால் நகரவில்லை. விலையைச் சொன்னால் நீ கேலி செய்வாய், சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை முகத்தில் பிளேடு படக்கூடாது என்று வளர்ந்தவன் அன்றைக்குப் பார்த்து ஷேவிங் பிரஷ்ஷோடு வீட்டுக்குள் நுழைந்தால் உன் அம்மா விடுவாளா? "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பன்னி முடியைத் தூக்கிக்கினு வர்றீங்க, சாமி ரூம் பக்கம் வந்துடாதீங்க" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஹேமுவின் கல்யாணத்துக்காகத் திருவிடந்தையில் மாலை வாங்கி அவனைச் சுற்ற வைத்தாயே, அங்கே நிற்கிற பெருமாள் என்ன ரூபம்?" என்று அவளைக் கேட்டேன். வராகப் பெருமாளை இழுத்ததும் பேச்சு நின்றது. ஆனால் பிரஷ்ஷை இன்னும் தொடவில்லை.

நீ போன தீபாவளிக்கு அனுப்பிய பிரஷ்ஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஏதோ வெளிநாட்டு மிருகத்தின் முடி என்று பெட்டியில் போட்டிருந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. ஆனால் முகத்தில் வைத்தால் பூனைக்குட்டி வந்து உரசுகிற மாதிரி இருக்கிறது, என் முள்தாடி அதற்கு மசியவே இல்லை. பன்றி முடிக்கு ஒரு முறைப்பு உண்டு. சோப்புக்கட்டியை நன்றாகத் தேய்த்து எடுக்கும். தோலோடு படுத்துக் கிடக்கிற ரோமத்தை நிமிர்த்தும். முகத்தில் உள்ள அழுக்கும் தூக்கமும் சேர்ந்து போகும்.

ஆனால் புதிதாக வாங்கியவுடன் அது யாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்காது. முதலில் ஈர நாய் வாசம் அடிக்கும். முடி கொட்டும். சோப்பு நுரையை அதுவே குடித்துவிட்டு உன் முகத்துக்கு ஒன்றும் தராது. இங்கேதான் நிறைய பேர் குப்பையில் போட்டுவிட்டு, மலிவுச் சாமான் அப்படித்தான் என்பார்கள். கடையில் திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லுவேன், அதற்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள் சார் என்று. தண்ணீரில் ஊற ஊற ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்து இரண்டாகும், மூன்றாகும். நுனி பஞ்சாகிவிடும், தண்டு மட்டும் விறைப்பாகவே நிற்கும். அந்த நிலைக்கு வந்த பிரஷ்ஷுக்கு ஈடு கிடையாது. வருஷக்கணக்கில் உழைக்கும்.

என் தாடிக் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ அம்மா வயிற்றில் இருந்தபோது நான் முகத்தில் பிளேடு வைக்கவில்லை. மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கும் தெரியும். என் அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். கஷ்டம் என்னவென்றால் நான் நடத்தியது பேன்சி ஸ்டோர். சண்முகம் ரோட்டில் கடை முழுக்க பிளேடும் பிரஷ்ஷும் சோப்பும் தொங்க, கல்லாவில் நான் தாடியோடு உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் மலைக்கு மாலையா அண்ணா என்று கேட்பார்கள். சித்திரை வெயிலில் எந்த மலைக்குப் போவது? பக்கத்துப் பாத்திரக்கடை குப்புராஜ் அண்ணன் ரோட்டில் நின்று, "இன்னா கோதண்டம், ஷேவிங் செட்டையெல்லாம் எங்க தலையில கட்டிட்டு நீ மட்டும் சாமியாரா பூட்டியா?" என்று கத்துவார். கடைத்தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தத் தாடி அரித்தது, வியர்த்தது, அசிங்கமாகவும் இருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை ஹேமு. தாடியைத் தடவும்போதெல்லாம் நீ இருக்கிறாய் என்று தோன்றும். பிள்ளையைச் சுமப்பது அவள், எனக்கும் ஏதோ கொஞ்சம் சுமக்கக் கிடைத்தது.

நீ பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு கடையிலிருந்து ஒரு புது பிரஷ்ஷை எடுத்து வந்து தாடியை எடுத்தேன். பழக்காத பிரஷ், தேங்காய் நார் மாதிரி இருந்தது. முகமெல்லாம் எரிந்து சிவந்து போய்தான் உன்னைத் தூக்கினேன். முன்னாலேயே ஒன்றை ஊறப்போட்டுப் பழக்கியிருக்கலாமே என்று அப்போது புத்தி வந்தது.

அதனால்தான் இதை இப்போதே அனுப்புகிறேன். முகத்தில் படாமலே பழக்கலாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வை, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அடியில் உள்ள பசை விட்டுவிடும். பிறகு உள்ளங்கையில் சோப்பு வைத்துச் சுற்றிச் சுற்றி நுரை எடு. கழுவி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வை. உங்கள் ஊரில் வெயில் இல்லை என்றால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, ஜன்னல் ஓரமே போதும். உனக்குத் தேவைப்படுகிற நாளில் அது பஞ்சு மாதிரி இருக்கும்.

உன் தாடி நன்றாக இருக்கிறது. அம்மா அன்றைக்கு வீடியோவில் "இது இன்னாடா கோலம்" என்றபோது நீ ஃபேஷன் என்றாய். நான் பின்னால் நின்று கையாட்டினேன். காரணம் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

போன வருஷம் எல்லோருக்கும் சொன்னோம். பம்மல் அத்தைக்குத் தெரிந்து, அங்கிருந்து சொந்தம் முழுக்கத் தெரிந்தது. யாரோ வளைகாப்புக்கு வளையல்காரரிடம்கூடப் பேசிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் திரையில், அப்போது வளர்த்திருந்த தாடி போய், உன் முகம் மழமழவென்று இருந்தது. ஆபீசில் மீட்டிங் இருக்கிறது, எடுத்துவிட்டேன் என்றாய். துர்கா அன்றைக்குப் பேச வரவில்லை. அம்மா முறுக்கு வந்து சேர்ந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய், காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நீ அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும் நீ எப்படித் தனியாக இருந்தாயோ என்பது இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் ஏன், எப்படி, யாரிடம் காட்டினாய் என்று துர்காவைக் குடைந்ததும், அவள் போனை எடுக்காமலே இருந்ததும் எனக்குத் தெரியும். அவள் செய்ததுதான் சரி. இந்த முறை நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருப்பதும் சரி.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். துர்காவுக்குப் பிடிக்குமென்று எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். நேற்று உன்னோடு பேசி முடித்துவிட்டு அந்த டப்பாவை வெளியே எடுத்துவிட்டாள். ஏன் என்றேன். "போற வழியில ஒடைஞ்சிடும்" என்றாள். எள்ளுருண்டை உடைந்து நீ பார்த்திருக்கிறாயா? தரையில் போட்டால் தரைதான் உடையும். உண்டானவளுக்கு எள் ஆகாது என்று பழையவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் அவள். டப்பா இருந்த இடத்தில் நார்த்தங்காய் ஊறுகாயை வைத்தாள். பெட்டியை நாளைக்கு நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று டேப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். எள்ளுருண்டையை நானும் அவளுமாக எதிரெதிரே உட்கார்ந்து தின்று தீர்க்கிறோம். இரண்டு பேருக்கும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏதாவது மனசுக்குக் கஷ்டம் என்றால் என்னை நேராகக் கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. உன் முகத்தைப் பார்த்து நானாகக் கண்டுபிடிக்கும்படி வைக்காதே, இன்னொரு முறை என்னால் முடியாது. பாஸ்போர்ட்டை எடுத்து மேலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் அப்படி எதுவும் வராது. துர்காவை மாடிப்படி பார்த்து இறங்கச் சொல். இரும்புச் சட்டி மாதிரிக் கனமான எதையும் அவளைத் தூக்க விடாதே. உன் தாடி வளரட்டும், அரித்தாலும் பொறுத்துக்கொள். மார்பு வரை வளரட்டும். ஒரு பொடிக் கை அதைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, விட மாட்டேன் என்று தொங்கி, நீ ஐயோ அப்பா என்று கத்துவது தாம்பரத்தில் எனக்குக் கேட்க வேண்டும். அது வரைக்கும் பிளேடைத் தொடாதே, கண்ணா.

அங்கே இருக்கிற எல்லோருக்கும் என் ஆசிகள்.

அப்பா,
கோதண்டம்.