நான்காவது நாற்காலி

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் நின்றதா? ஜன்னலோரக் கட்டில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். தலைமாட்டை மட்டும் காற்று படாத பக்கம் மாற்றிப் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். குளியலறைக் குழாய் முன்போலவே ஒழுகிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா அதைச் சரிசெய்கிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்தார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

உன் கடிதம் வந்தது. உறையில் அப்பாவின் பெயர் இருந்ததால் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை யாரும் தொடவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் பிரித்தார். பிரிப்பதற்கு முன்பே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். "போன்ல பேசினா காத்தோட போயிடும். எழுதினாத்தான் திருத்த முடியும்" என்று விடுதிக்குப் போகும்போது உன்னிடம் சொன்னாரே, அந்தக் கொள்கையில் இன்றும் மாற்றமில்லை.

பிறகு வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் வேண்டாம், சமூகவியல் படிக்க அனுமதி வேண்டும் என்று நீ கேட்டிருந்த முதல் பத்தியை அவர் முகம் மாறாமல் வாசித்தார். அடுத்த பத்தியில் நீ கெஞ்சவில்லை. சான்று கொடுத்திருந்தாய். போன விடுமுறை முழுவதும் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டே எங்கள் மேஜையைக் கவனித்திருக்கிறாய். யார் தண்ணீர் கேட்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள், யாருடைய பேச்சு பாதியில் நிற்கிறது என்பதையெல்லாம். நான்கு நாற்காலியில் ஒன்றின்மேல் எப்போதும் அப்பாவின் விடைத்தாள் கட்டுகள் இருப்பதையும், அது அம்மாவின் நாற்காலி என்பதையும், அந்த விடுமுறையில் அம்மா ஒருநாள்கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதையும் எழுதியிருந்தாய். இத்தனை வருடமாக அந்தக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது ஒரு நாற்காலி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

உன் கணக்கு புரிந்தது. ஆதாரமில்லாமல் வாயைத் திறக்காதே என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தவர், ஆதாரத்தைக் கண்டால் மசிந்துதான் ஆகவேண்டும். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். விடுமுறை முடிந்து நீ போன கையோடு வந்து உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர் அவர். "நல்லவேளை அப்ப நான் இங்க இல்ல. இருந்திருந்தா என் ஏப்பத்தையும் எண்ணியிருப்பா" என்றார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, நீங்க பாடப்புத்தகத்துல வந்துட்டீங்க!" என்று கத்தினார். அம்மா கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பேச்சு வந்ததும் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பெற்ற மகள் தன்னைக் கவனித்திருக்கிறாள் என்ற பூரிப்பை மறைக்கத்தான் போனாள் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் நல்ல செய்தி. அப்பா கோபப்படவில்லை. ஓரத்தில் "கருதுகோள் தெளிவு" என்று எழுதினார். கீழே "மாதிரி ஒன்றே ஒன்று, போதாது." கடைசியில் பத்துக்கு ஏழு. என் கடிதம் எதுவும் ஐந்தைத் தாண்டியதில்லை, உனக்குத் தெரியும். "மறுசோதனை செய்வோம். ஞாயித்துக்கிழமை எங்க ஸ்கூல் கணக்கு சாரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் முன்னாடி செய்வோம். இவ எழுதினது உண்மைன்னா சமூகவியலே படிக்கட்டும். தப்புன்னா கெமிஸ்ட்ரி. நான் விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டவன், அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார். உன் விண்ணப்பம் அவருடைய பையில் இருக்கிறது. பாடம் என்ற இடம் மட்டும் காலி.

உண்மைதானே எழுதியிருக்கிறாய். பிறகென்ன பயம்?

நூலகத்தில் என் மேஜைக்குப் பின்னால்தான் சமூகவியல் அலமாரி. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் சாக்கில் உனக்காக ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்ததிலிருந்து அப்பா என்னை "வீழ்படிவு" என்று கூப்பிடுவது உனக்குப் பழகிய சங்கதி. கரையாமல் அடியில் தங்கிவிடுவது. இந்த வீட்டில் ஒருத்தியாவது மேலே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் எழுதுகிறேன். தைரியமாக இரு.

உன் அக்கா


என் சின்னவளுக்கு,

உனக்கு வேதியியல்தான். பக்கம் புரட்டித் தேடாமல் இருக்க அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு சார் சாப்பிட வந்தார். அப்பாவே குனிந்து விடைத்தாள் கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்தார். நாற்காலியின் இருக்கையில் கட்டுகள் இருந்த இடம் மட்டும் புதிதாக, பளபளவென்று இருந்தது. அதைத் துண்டால் தட்டிவிட்டு, "வாம்மா, உட்காரு. இன்னிக்கு நீதான் மாதிரி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். கணக்கு சார் என் நாற்காலியில் இருந்ததால் நான் சுவரோரமாக நின்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் அறையில் உட்காருவதுபோல் நுனியில் உட்கார்ந்தாள். சித்தப்பா உப்பு கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார், சாப்பாட்டில் உப்பு சரியாகவே இருந்தது. அம்மா எழுந்துவிட்டாள். அப்பா ஒரு விரலை உயர்த்தி, "உட்கார்" என்றார். உட்கார்ந்தாள். நான் போய் உப்பு எடுத்து வந்தேன். "அனிச்சைச் செயல் சார், கவனிச்சீங்களா? தவளைக்கும் இப்படித்தான்" என்று அப்பா கணக்கு சாரிடம் சொன்னார். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

உன் கடிதத்தை அப்பா மறுபடி முழுவதும் வாசித்தார். அம்மா தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் அப்பா மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உன் பொண்ணு எழுதினதைக் கேட்டே. இந்த மேஜையில நீ உட்கார்ந்து சாப்பிட்டது உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை போதும். இல்லைன்னா அவ சொன்னது சரி, அவ இஷ்டப்படி படிக்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடுறேன்." சொன்னபடியே பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. எந்த வார்த்தைக்கு எது கிடைக்கும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் உன் விண்ணப்பத்தைப் பார்த்தாள், கணக்கு சாரைப் பார்த்தாள். பிறகு, "உண்டு" என்றாள்.

"எப்ப அண்ணி?" என்று சித்தப்பா விளையாட்டாகக் கேட்டார். "பிள்ளைங்க பார்க்காதப்ப" என்றாள் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கட்டு இருக்கிற நாற்காலியில எப்படிம்மா உட்காருவே?" என்று கேட்டுவிட்டேன். "வீழ்படிவு கலங்குது, சார்" என்று அப்பா சிரித்தார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. "நீ சும்மா இரு. ஒருத்தி எழுதி என் மானத்தை வாங்கினது போதாதா? நீ வேற சாட்சி சொல்ல வந்துட்டியா?"

அப்பா பேனாவை எடுத்துக் காலி இடத்தில் வேதியியல் என்று அழகாக எழுதினார். உன் கடிதத்தின் அடியில் "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதி, ஏழு என்பதை அடித்து மூன்று ஆக்கினார். "நான் கையெழுத்துப் போடத் தயாராத்தான் இருந்தேன். உங்கம்மாதான் ஒத்துக்கல. இனி என்னைக் குறை சொல்லக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். இதை உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அப்பாவுக்கு விடை முன்பே தெரியும், சின்னவளே. விடை தெரியாத கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மாவோடு பாத்திரம் கழுவினேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் பேசினாள். சட்டியைத் தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல். "நான் நின்னுக்கிட்டுத் தின்னது எனக்குத் தெரியாதா? உங்கப்பாவுக்குத் தெரியாதா? எல்லாருக்கும்தான் தெரியும். அதை ஊரான் முன்னாடி வாசிச்சுக் காட்டணுமா? எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா அவ?" சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கெமிஸ்ட்ரியே படிக்கட்டும். அதுல யாரையும் உத்துப் பார்க்க வேண்டியதில்ல" என்றாள்.

இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். மறைத்தால் அப்பா ஒருவரை மட்டும் வெறுத்துக்கொண்டு நீ நிம்மதியாக இருப்பாய். ஆனால் உண்மையைக் கவனிக்க ஆசைப்பட்டவள் நீ. அதனால் எழுதினேன்.

மறுநாள் நூலகத்தில் அந்த அலமாரியின் முன் நின்றேன். தொழிற்சாலைகள், சேரிகள், குடும்பங்கள் என்று எத்தனை எத்தனை மனிதர்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தங்களைப் பற்றி எழுதியதை அந்த மனிதர்களுக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருந்தால் எத்தனை பேர் "உண்டு" என்று சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. நீ தப்பாக எழுதவில்லை. ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் அம்மாவால் தாங்கமுடியவில்லை.

இங்கே இப்போது ஒரு மாறுதல். நிரூபணமானது நடைமுறையிலும் இருக்கவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால் அம்மா தினமும் எங்களோடு மேஜையில் உட்காருகிறாள். விடைத்தாள் கட்டுகள் என் நாற்காலிக்கு வந்துவிட்டன. பரிமாறுவது நான். தண்ணீர் கேட்டால் போவதும் நான். "பாருங்க, ஆராய்ச்சியால சமுதாயம் முன்னேறிடுச்சு" என்று சித்தப்பா தினமும் சொல்கிறார், அதே நகைச்சுவைதான். அம்மா தட்டில் இருப்பதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி வைத்துக்கொண்டிருப்பாள். வாயில் எதுவும் போகாது. நாங்கள் எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அடுப்புப் பக்கம் நின்று சாப்பிடுகிறாள். அந்த நேரத்தில் நான் உள்ளே போவதில்லை. கை கழுவக்கூடக் குளியலறைக்குப் போகிறேன்.

அப்பா உனக்கு ஆய்வுக்கூடக் கோட்டு அனுப்புகிறார். புதிது வாங்கவில்லை, என்னுடையதுதான். பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். இரண்டு முறை வெளுத்துப் பார்த்தேன், போகவில்லை. கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள். நீ பாஸாகிவிடுவாய், சின்னவளே. நன்றாகவே பாஸாவாய். என்னைப்போல் பாதியில் வந்து நிற்கமாட்டாய். அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேஜையில் அம்மா உன் எதிரே உட்கார்ந்திருப்பாள். அவள் தட்டைப் பார்க்காதே. நான் நிற்பதைப் பார்த்தாலும் எதுவும் சொல்லாதே. எப்போதாவது யாரையாவது எழுதியே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால் என்னை எழுது. ஆனால் முதலில் என்னிடம் கேள். நான் சரி என்றுதான் சொல்வேன்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சின்னவளுக்கு ஏதாவது சொல்லணுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னத்தச் சொல்ல, நல்லாப் படிக்கச் சொல்லு" என்று உள்ளே போனாள். பிறகு ஈரக்கையோடு திரும்பி வந்து, நான் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. உட்கார்ந்து சாப்பிடச் சொல்லு."

உன் அக்கா